பழைய இசைத்தட்டு வாங்குபவர்களே, பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள்: எனக்கு 85 டாலர் போச்சு

பார்சல் வந்து ஐந்து நாள் ஆகிறது. கடைசி கைவிரிப்பு இன்று காலைதான் வந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அமெரிக்க ராப் பாடகர்கள் மோஸ் டெஃபும் தாலிப் குவேலியும் 'பிளாக் ஸ்டார்' என்ற பெயரில் 1998 இல் போட்ட முதல் ஆல்பம் எனக்கு உயிர். டூபாக், பிக்கி என்ற இரண்டு பெரிய ராப் பாடகர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் சுடப்பட்டுச் செத்த பிறகு, இந்தக் கொலைகள் போதும் என்று பேசிய ஆல்பம். கறுப்பின மக்களின் தலைவர் மார்கஸ் கார்வி 1919 இல் தொடங்கிய கப்பல் கம்பெனியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதன் வினைல் மறுபதிப்பை, இரட்டைத் தட்டு, சீல் பிரிக்காதது என்று தட்டுகள் விற்கும் ஒரு தளத்தில் ஒருவர் போட்டிருந்தார். 85 டாலர்.

ஒரு சந்தேகம் கேட்டு எழுதினேன். பதிலோடு, இந்த ஆல்பத்தின் 'தீவ்ஸ் இன் த நைட்' பாட்டு டோனி மாரிசனின் முதல் நாவலிலிருந்து பிறந்தது என்று அவரே பேச்சை எடுத்தார். இவ்வளவு ஆழமாகக் கேட்கிற ஆள் ஏமாற்றுவாரா? அங்கேதான் விழுந்தேன். தளத்தின் கமிஷன் மிச்சமாகும், பணம் அனுப்பும் செயலியில் நண்பருக்கு அனுப்புவதுபோல் நேராக அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன்.

வந்தது ஒற்றைத் தட்டு. 1998 இலேயே இரண்டு தட்டாக வந்த ஆல்பம் இது. ஐம்பது நிமிடப் பாட்டை ஒரே தட்டில் நெருக்கித் திணித்ததில் சத்தம் செத்துப்போய், 'ஸ' வரும் இடமெல்லாம் சீறுகிறது. லேபிளில் எழுத்துகள் ஜெராக்ஸ் எடுத்ததுபோல் மங்கல். பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்க வேண்டிய எண்ணே இல்லை. சுத்தக் கள்ளப் பிரதி.

விற்றவரைக் கேட்டால், "சீல் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது." பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? தளத்தைக் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, விற்றவரிடமே பேசுங்கள் என்கிறார்கள். பணம் அனுப்பும் செயலிக்காரர்கள், நண்பருக்கு அனுப்பிய பணத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்று முடித்துவிட்டார்கள். 85 டாலர், மூன்று இடத்திலும் கதவு மூடியாச்சு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பணத்தைத் தளத்தின் வழியாக மட்டும் கட்டுங்கள். எத்தனை தட்டு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சீல் பிரித்த தட்டு என்றால் அந்த வளையத்தைப் படம் கேளுங்கள். பிரிக்காதது என்றால் அவர் வாங்கிய ரசீதைக் கேளுங்கள்.

அப்புறம், அந்த ஆள் அதே படத்தோடு அதே ஆல்பத்தை இன்று மறுபடி போட்டிருக்கிறார். அதே 85 டாலர். வாங்கிவிடாதீர்கள்.