பெயரை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பிடித்தோம்: குடும்ப வரலாற்றுக் குழுவில் மூன்று வருடம்

என் பெயருக்கு முன்னால் இருக்கிற 'பெ.' என் அப்பா பெருமாள். அவர் பெயருக்கு முன்னால் தாத்தாவின் எழுத்து. என் மகள் பெயருக்கு முன்னால் என்னுடையது. ஒரே வீடு, மூன்று தலைமுறை, மூன்று தலைப்பெழுத்து. வம்சாவளி இணையத்தளம் ஒன்றில் கணக்குத் திறந்தபோது அது முதல் வேலையாகக் கேட்டது குடும்பப் பெயரை. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவில்லை. சரி என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் அப்பா பெயரைப் போட்டேன். மறுநாள் தென்னாப்பிரிக்காவிலும் மலேசியாவிலும் இருக்கிற பெருமாள்களை எல்லாம் 'உங்கள் சொந்தமாக இருக்கலாம்' என்று வரிசையாக அனுப்பி வைத்தது. பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பெரியப்பாவை மட்டும் அதற்குத் தெரியவில்லை.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் இந்த வேலையை ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பதினொரு பேராகத் தொடங்கினோம். இப்போது அறுபதுக்கு மேல். இங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் வாழும் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூரில் இருந்தும் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று வருடம் ஓட்டிய பிறகு எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதலாம் என்று தோன்றியது.

முதல் எட்டு மாதம் வீண். வெளிநாட்டில் ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் சேர்ந்து தேடுவார்கள், கிடைத்ததை ஒரே இடத்தில் குவிப்பார்கள். இங்கிலாந்தில் அதற்கென்றே 1979இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது. நாங்களும் ராமசாமிக்கு ஒரு ஆள், முத்துசாமிக்கு ஒரு ஆள் என்று பொறுப்புப் பிரித்தோம். ஒரு தோட்டத்தில் மட்டுமே ஒன்பது ராமசாமி வந்தார்கள். நெட்டை ராமசாமி, கொழுந்து மடுவத்து ராமசாமி என்று பட்டப்பெயரை வைத்துத்தான் அவர்களைப் பிரிக்க முடிந்தது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதிய பத்திரங்களில் முத்துசாமிக்கு ஏழு விதமான எழுத்துக்கூட்டல் பார்த்தோம்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு அந்த முறை பலிக்கக் காரணம் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பதிவேட்டில் ஆளுக்கொரு எண், அப்பா பெயர், ஊர் எல்லாம் உண்டு. அப்பா பெயரே பிறகு குடும்பப் பெயராக நிலைத்தும் போனது. நம் ஆட்கள் இலங்கைக்கு வந்தது கங்காணியின் கீழ், அதாவது ஆள் சேர்த்துக் கூட்டிவந்து வேலை வாங்கியவரின் கீழ். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு வாய்க்கவில்லை. பிற்காலத்தில் கழுத்தில் கட்டிவிட்ட தகர வில்லையிலும் முக்கியமாக இருந்தது எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதுதான். கசப்பான விஷயம். ஆனால் எங்களுக்கு வழி காட்டியதும் அதுதான்: ஆளைத் தேடாதே, தோட்டத்தைத் தேடு.

அப்புறம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரு கூகுள் ஷீட் போட்டோம். முதல் கட்டம் தோட்டம். அடுத்தது தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல்கணக்கா கீழ்க்கணக்கா. பிறகு லயம், பெரிய கங்காணியின் பெயர், இந்தியாவில் எந்த ஊர், குலதெய்வம். அதற்குப் பிறகுதான் ஆளின் பெயர், அப்பா பெயர், பட்டப்பெயர். பெண்களுக்கு எப்போதும் அப்பா பெயர்தான், கலியாணத்துக்குப் பிறகு மாறிய எழுத்து தனிக் கட்டத்தில். கடைசிக் கட்டம் 'யார் சொன்னது, எப்போது'. இது காலியாக இருந்தால் அந்த வரி சிவப்பில் நிற்கும், யாரும் அதை நம்பி மேலே கட்டக் கூடாது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் கட்டம்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது.

தோட்டப் பெயரிலும் சிக்கல் உண்டு. துரைமார் வைத்த ஸ்கொட்லாந்துப் பெயர் ஒன்று, நம் வாயில் வழங்கும் பெயர் ஒன்று, கிராமத்தின் சிங்களப் பெயர் ஒன்று. மூன்றையும் ஒரே வரியில் போட்டு ஒரு தனிப் பட்டியல் செய்தோம். அதை முடிக்க நான்கு மாதம் பிடித்தது. அந்தப் பட்டியல் இல்லாமல் தேடலைத் தொடங்காதீர்கள்.

வயதானவர்களிடம் வருடம் கேட்டால் வராது. "ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப நான் கைக்குழந்தை" என்பார்கள். அது 1942 ஏப்ரல். முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரால் சுடப்பட்டது 1940 ஜனவரி. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பர். இப்படிப் பதினெட்டு நிகழ்ச்சிகளை எழுதி ஷீட்டில் ஒட்டியிருக்கிறோம். ஒரு அப்பாயி, கூப்பன் (ரேஷன்) மாவும் கிடைக்காத பஞ்சத்தில் இரண்டாவது பிள்ளையைப் பறிகொடுத்ததாகச் சொன்னார். அந்தப் பஞ்சம் 1973, 74. அதுவரை அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்ததே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

எதிர்பாராத இடத்தில் கிடைத்த புதையல் மொய் நோட்டு. தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) கேட்டுப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். ஆனால் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் கலியாண மொய் நோட்டு பத்திரமாக இருக்கிறது. தோட்டம், ஆள், தொகை எல்லாம் அதில் உண்டு. தாய்மாமன் மொய் முதல் வரியில் இருக்கும், அங்கேயே பாதி உறவு தெரிந்துவிடும். கோயில் திருவிழா வரிப் பட்டியலும் அப்படித்தான்.

சண்டையும் வந்தது. இரண்டாம் வருடம் ஒருவர் தானாகவே சாதிக்கு ஒரு கட்டம் சேர்த்தார். வரலாறு என்றால் எல்லாம்தானே என்பது அவர் வாதம். அடுத்த வாரமே அதைத் திறந்து காட்டி ஒரு கலியாணப் பேச்சைக் குழப்பிவிட்டார்கள். கட்டத்தை அன்றே நீக்கினோம், உயிரோடு இருப்பவர்களின் வரிகளையும் பொதுப் பார்வையில் இருந்து எடுத்தோம். இப்போது முழு ஷீட்டைத் திருத்த ஐந்து பேருக்குத்தான் அனுமதி, மற்றவர்களுக்குத் தங்கள் தோட்டத்துப் பக்கம் மட்டும். குலதெய்வத்தையும் எடுக்கச் சொன்னார்கள். அதிலும் சாதி தெரியும் என்பது உண்மைதான். ஆனாலும் ஊர் பெயரை மறந்த குடும்பம்கூடக் குலதெய்வத்தை மறப்பதில்லை, துறையூர் பக்கமா முசிறி பக்கமா என்று சொல்ல வேறு வழி இல்லை. எனவே வைத்திருக்கிறோம், விரும்பாதவர்கள் எழுதத் தேவையில்லை. எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

என் தவறும் ஒன்று உண்டு. தாத்தாக்கள் பேசி அனுப்பிய நாற்பது குரல் பதிவுகளை என் போனில் மட்டும் வைத்திருந்தேன். அடைமழையில் போன் நனைந்தது, எல்லாம் போயிற்று. பேசியவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. அதற்குப் பிறகுதான், பதிவு வந்த ஒரு கிழமைக்குள் எழுத்தில் வர வேண்டும், இரண்டு இடத்தில் சேமிக்க வேண்டும் என்று விதி வைத்தோம். இன்னொரு சின்னத் தலையிடி, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளை ஒட்டினால் ஷீட்டில் புரியாத ஆங்கில எழுத்தாக விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தியாவோடு இணைப்பதுதான் இப்போது நடக்கிற வேலை. தோட்டத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்று எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். அண்ணன் இங்கே, தம்பி, தலைமன்னாரில் இருந்து ராமேஸ்வரம் போன ராமானுஜம் கப்பலில் அங்கே. போனவர்கள் கையில் குடும்ப அட்டை இருக்கிறது, அதில் வீட்டு ஆட்கள் மொத்தப் பேரும் உண்டு. அதை போட்டோ எடுத்து அனுப்பினால் எங்கள் பக்கம் அறுந்த நூல் உடனே தெரிகிறது. இதுவரை ஆறு குடும்பம் பொருந்தியிருக்கிறது. ஏழாவதையும் பொருத்திவிட்டோம் என்று வீடியோ கோலில் அழுதும் முடித்த பிறகு, மொய் நோட்டில் பார்த்தால் இரண்டு ராமசாமிக்கும் அப்பா வேறு வேறு. கோத்தகிரி மாமாவிடம் சொன்னபோது, "பரவாயில்லப்பா, கூப்பிட்டது கூப்பிட்டதுதான், மாமான்னே சொல்லு" என்றார். ஷீட்டில் அந்த வரி சிவப்பில் நிற்கிறது. அவர் மாதம் ஒரு முறை எங்களுக்குப் போன் எடுக்கிறார்.