சீட் போஸ்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் பழைய ஸ்டீல் சைக்கிள் வாங்காதீர்கள்

சென்னையில் பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள் வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். போன பிப்ரவரியில் நான் 46,000 ரூபாய் கொடுத்து வாங்கிய சைக்கிளைப் பற்றியது இது. கடைமேல் நான் கொடுத்த மோசடிப் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடையை மட்டும்தான் நீங்கள் தவிர்ப்பீர்கள். அவர்கள் என்ன செய்தார்கள், நான் எதையெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் உதவும்.

மூன்று வருடமாக ஞாயிறு காலைகளில் திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் முட்டுக்காடு, சில நாள் கோவளம் வரை ஓட்டுகிறேன். என்னிடம் இருந்தது ஒரு சாதாரண அலுமினிய ஹைப்ரிட். கூட வரும் நண்பர் ஒருவரிடம் லக் (குழாய்கள் சேரும் இடத்தில் போடும் உறை) வைத்துப் பற்றவைத்த பழைய ஸ்டீல் சைக்கிள் உண்டு. அதை ஒரு நாள் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான், மனசு அதிலேயே நின்றுவிட்டது. எட்டு மாதம் தேடினேன். அப்புறம்தான், பழைய சைக்கிள்களை வாங்கிப் புதுப்பித்து விற்கும் இந்தக் கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. 'ஒரிஜினல் ரெனால்ட்ஸ் 531, 54 சைஸ், பாட்டம் பிராக்கெட், செயின் எல்லாம் புதுசு' என்று போட்டிருந்தார்கள். ரெனால்ட்ஸ் 531 என்பது பேர்போன, வலிமையான ஸ்டீல் குழாய்; பாட்டம் பிராக்கெட் என்பது பெடல் அச்சு சுழலும் பாகம். கரும்பச்சை பெயிண்ட், சீட் டியூபில் (சீட் போஸ்ட் நுழையும் குழாய்) அந்தப் பச்சையும் தங்கமுமான 531 ஸ்டிக்கர். சைக்கிள் 42,500, உடம்புக்கு ஏற்ற மாதிரி செட் பண்ணித் தரும் ஃபிட்டிங்குக்குத் தனியாக 3,500.

கடைக்காரர் இளைஞர், நன்றாகப் பேசினார். ஒரு காந்தத்தை எடுத்து டாப் டியூபில் (ஃபிரேமின் மேல்குழாய்) ஒட்டவைத்து, "பாருங்க ப்ரோ, ஒரிஜினல் ஸ்டீல்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் காந்தம் ஒட்டினால், குழாய் அலுமினியம் இல்லை என்று மட்டும்தான் தெரியும். கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் கேன் சுமக்கும் சைக்கிளிலும் அது அதே மாதிரிதான் ஒட்டும். 531-ஆ, ஹைடென் எனப்படும் மலிவான சாதாரண ஸ்டீல் குழாயா என்று அதை வைத்துப் பிரிக்கவே முடியாது. யாராவது காந்தத்தை நீட்டினால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள்.

ஃபிட்டிங் என்று ஒரு மணி நேரம் செய்தார். என் உயரம் 168 செ.மீ. கால்களுக்கு நடுவில் புத்தகத்தை வைத்து, சுவரோடு நின்று அளந்தால் உள்கால் அளவு 78. அதை அவரும் அளந்தார், எழுதிக்கொண்டார். ஆனால் ஃபிரேமை அவர் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை. இறங்கி நின்றபோது டாப் டியூப் தொடை இடுக்கில் அழுத்தியது, சீட் போஸ்ட் வெளியே இரண்டு விரல் அகலம்தான் தெரிந்தது. கேட்டேன். "அந்தக் காலத்தில் பெரிய ஃபிரேம்தான் ப்ரோ ஓட்டுவாங்க, ஸ்டைலே அதுதான்" என்றார். அந்தக் காலத்தில் இப்போதையவிடப் பெரிய ஃபிரேம் ஓட்டியது உண்மைதான். பாதி உண்மை என்பதால்தான் நான் தலையாட்டினேன். கை எட்டவில்லை என்றதும் சீட்டை அதன் அடிக்கம்பியின் கோடி வரைக்கும் முன்னால் தள்ளி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றி ரொம்பக் குட்டையான ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். எட்டியது. பணத்தைக் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஏப்ரலுக்குள் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. முட்டுக்காடு பாலம் வருவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். வெயில், வயசு, பயிற்சி போதவில்லை என்று என்னென்னவோ நினைத்தேன். சைக்கிளைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. இதற்கிடையில் சீட் போஸ்ட் தானாக இறங்க ஆரம்பித்தது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று ஏற்ற வேண்டும், கிளாம்ப் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கடையில் கேட்டால் 'புது பெயிண்ட், செட் ஆகிடும்' என்று ஒரு வரி பதில். கடைசியில் நண்பர் ஒருவர் சொல்லி, பெரம்பூரில் ரொம்ப வருடமாகச் சைக்கிள் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் செய்த வேலை, கடையில் நான் செய்திருக்க வேண்டிய வேலை. போல்ட்டைத் தளர்த்தி சீட் போஸ்ட்டை வெளியே இழுத்தார். கூடவே வெட்டிச் சுருட்டிய கூல்டிரிங்க்ஸ் டின் தகடு ஒன்றும் வந்தது. குழாய்க்குள் போஸ்ட் தளர்வாக இருந்ததால் நடுவில் செருகியிருக்கிறார்கள். "தம்பி, சீட்டு எறங்குறதுக்கு கிளாம்ப் காரணம் இல்ல. பைப்பு உள்ள அளந்து பாரு" என்று வெர்னியரை (மில்லிமீட்டரில் நுணுக்கமாக அளக்கும் கருவி) என் கையில் கொடுத்தார். சீட் டியூபின் உள்விட்டம் 25.4 மி.மீ. வெளிவிட்டம், பெயிண்டைக் கழித்தால், 28.6.

இந்தக் கணக்குக்குள்தான் விஷயமே இருக்கிறது. 28.6-இல் 25.4 போனால் 3.2, இரண்டு பக்கம் என்பதால் குழாய்ச் சுவர் 1.6 மி.மீ. தடிமன். மெலிந்த சுவருள்ள 531 ஃபிரேமில், சீட் போஸ்ட் நுழையும் மேல்முனையில் சுவர் கிட்டத்தட்ட 0.6 மி.மீ. தான் இருக்கும். அதனால்தான் அந்த மாதிரி ஃபிரேம்களுக்குப் பெரும்பாலும் 27.2 மி.மீ. போஸ்ட் போடுவார்கள். கொஞ்சம் தடித்த குழாய் என்றால் 27.0, 26.8 என்று குறையும். பழைய பிரெஞ்சு ஃபிரேம்களில் குழாயே 28 மி.மீ. என்பதால் போஸ்ட்டும் சிறுக்கும். ஆனால் 28.6 குழாயில் 25.4 என்றால் அது தடித்த சுவர் உள்ள மலிவான குழாய், வேறு பேச்சே இல்லை.

தடிமனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். எந்த ஸ்டீலை எடுத்தாலும் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.85 கிராம்தான், விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நல்ல கலவையின் லாபம் அதன் வலிமை. 531 மாங்கனீஸும் மாலிப்டினமும் சேர்ந்த ஸ்டீல், பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் 1935-இல் கொண்டுவந்தது. அது வலிமையானது என்பதால் சுவரை மெலிதாக்கலாம், இரண்டு முனைகளில் மட்டும் (சீட் டியூபில் கீழ்முனையில் மட்டும்) தடிமன் விட்டு மற்ற இடத்தில் இன்னும் இளைக்கலாம். எடை குறைவதும், சாலை அதிர்வு கைக்கு வராமல் குழாயே கொஞ்சம் வாங்கிக்கொள்வதும் அதனால்தான். என் நண்பரின் சைக்கிளில் நான் உணர்ந்தது அதைத்தான். என்னுடையதைப் பெரியவர் கொக்கித் தராசில் மாட்டினார், 13.4 கிலோ. கடையில் சொன்னது பத்து.

ஹைடென் சைக்கிளைக் குறை சொல்லவே இல்லை. அம்பத்தூர் தொழிற்சாலையில் சைக்கிள் செய்ய ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் தடித்த குழாய் சைக்கிளில்தான் பிழைத்தன, என் அப்பாவும் அப்படி ஒன்றில்தான் வேலைக்குப் போனார். ஹைடென் என்று சொல்லி எட்டாயிரத்துக்கு விற்றிருந்தால் அது நேர்மையான வியாபாரம். 531 ஸ்டிக்கரை ஒட்டி 42,500-க்கு விற்றது மோசடி. அந்த ஸ்டிக்கர்கள் புதிதாக அச்சடித்தே கிடைக்கின்றன. உண்மையான 531 ஃபிரேமுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பவர்களுக்கு அது தேவைதான், தப்பில்லை. ஸ்டிக்கர் எதற்கும் சாட்சி ஆகாது என்பதை மட்டும் மனசில் வையுங்கள். பின்சக்கர அச்சு உட்காரும் டிராப் அவுட்டையாவது நான் பார்த்திருக்கலாம். நல்ல ஃபிரேமில் அது காய்ச்சியடித்த கனமான துண்டு, கியர் மாட்டும் கொக்கியும் அதோடு சேர்ந்தே இருக்கும். என்னுடையதில் வெட்டியெடுத்த தட்டைத் தகடு, கொக்கியைத் தனியாக போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு நிமிடம் குனிந்து பார்த்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் பெரியவர் சக்கரங்களைக் கழற்றி ஃபிரேமைத் தலைகீழாகப் பிடித்து, சீட் டியூபின் வாயைச் செய்தித்தாள்மேல் வைத்து உள்ளங்கையால் தட்டினார். துருப்பொடி கொட்டியது. கொட்டி முடிந்தபின், காய்ந்த வண்டல் மண். சாம்பல் நிறத்தில், ஒரு கைப்பிடி இருக்கும். "இது வெள்ளத்துல கெடந்த வண்டி" என்றார். எந்த வெள்ளம் என்று தெரியாது, 2015-ஆ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலா. தண்ணீருக்குள் கிடந்ததை எடுத்து, உள்ளே கழுவக்கூட இல்லாமல் வெளியே பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். கடற்கரைக் காற்றிலேயே துருப்பிடிக்கிற ஊரில், உள்ளே வெள்ள மண்ணோடு ஒரு ஃபிரேம் எவ்வளவு நாள் தாங்கும்? அதன்மேல் உட்கார்ந்து ஈசிஆரில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. முன்னால் இருக்கும் ஹெட் டியூபுக்குப் பின்னால், பெடல் பக்கம் சரிந்து இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். முன்னால் மோதிய வண்டியாக இருந்தால் அங்கே ஒரு சின்ன மேடோ பெயிண்ட் சுருக்கமோ தட்டுப்படுமாம். அது மட்டும் சுத்தமாக இருந்தது.

'புது' பாட்டம் பிராக்கெட்டையும் கழற்றினோம். பழைய கப்பும் பால்ஸும்தான், கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்தது. அது இங்கிலீஷ் த்ரெட், செயின் பக்கத்துக் கப்பு எதிர்த்திசையில் திரும்பும். அது தெரியாமலோ அவசரத்திலோ யாரோ நேர்திசையில் முறுக்கியதில் ஃபிரேமின் த்ரெட் பாதி போயிருந்தது. 'புது' செயினை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து 12 அங்குலம் அளந்தால் அங்கே இன்னொரு பின் சரியாக நிற்க வேண்டும். இதில் கால் அங்குலத்தில் பாதி தாண்டி நின்றது. அதாவது ஒரு சதவீதம் நீண்டுவிட்ட செயின், பின்சக்கரத்து ஃப்ரீவீல் பல்லையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

கடைசியாக ஃபிரேமையே அளந்தோம். பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து சீட் டியூபின் மேல்முனை வரை 58 செ.மீ. டாப் டியூப் 57. உள்கால் அளவை 0.67-ஆல் பெருக்கினால் உத்தேசமான ஃபிரேம் அளவு வரும், எனக்கு 52. விளம்பரத்தில் இருந்த 54 எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சீட் உயரத்துக்கு, அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்டால் பிரபலமான கணக்கு, உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்குவது, என் 78-க்கு 68.9 செ.மீ. 58 ஃபிரேமில் அந்த உயரத்தை வைக்க போஸ்ட்டுக்கு இடமே மிஞ்சவில்லை, அதனால்தான் அந்த இரண்டு விரல் அகலம். நீளமான டாப் டியூபை மறைக்கத்தான் சீட்டை முன்னால் தள்ளியிருக்கிறார். சீட் முன்னால் போனதும் உடம்பின் பாரம் கைமேல் விழுந்தது, அதுதான் விரல் மரத்தது. போஸ்ட் இறங்க இறங்க சீட் தாழ்ந்து முழங்கால் அதிகமாக மடங்கியது, முன்பக்க வலிக்கு அது போதும். 3,500 ரூபாய் ஃபிட்டிங் என் உடம்புக்காகச் செய்ததே இல்லை. தப்பான ஃபிரேமை என் தலையில் கட்டுவதற்காகச் செய்தது. எனக்கு இதில் அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். என் அளவு அவர் நோட்டில் இருந்தது, தெரிந்தே செய்தார்.

கடைக்குப் போனேன். 'பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது, பில்லில் 531 என்று எங்கே இருக்கிறது' என்றார். எடுத்துப் பார்த்தால் பில்லில் 'பழைய சைக்கிள் 1' என்று மட்டும்தான் இருந்தது. நல்ல வேளையாக விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், 'ஒரிஜினல் 531 தானே' என்ற என் கேள்விக்கு அவர் 'ஆமா ப்ரோ 100%' என்று அனுப்பிய வாட்ஸ்அப் பதிலும் போனில் இருந்தன. நீங்கள் வாங்கும்போது குழாய் வகை, ஃபிரேம் அளவு, எந்தெந்த பாகம் புதுசு என்பதை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள், வேறு சைக்கிள் கிடைக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்தேன். இரண்டு வாரத்தில் கடைக்காரர் கூப்பிட்டு பத்தாயிரம் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறது. ஐந்து லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். போட்டோவும் அளவுகளும் தேதியோடு வைத்திருங்கள். எதையும் மாற்றாமல் அப்படியே வை என்று பெரியவரும் சொன்னார். அதனால் ஃபிரேம், டின் தகடு, பொட்டலம் கட்டிய வண்டல் மண் எல்லாம் வீட்டில் அப்படியே இருக்கின்றன.

ஆறு வாரம் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். போன மாதத்திலிருந்து பழைய ஹைப்ரிடில் முட்டுக்காடு வரை மட்டும் போய் வருகிறேன், முழங்கால் பரவாயில்லை. யாராவது பழைய ஸ்டீல் சைக்கிள் பேசி முடிக்கிற நிலையில் இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கமெண்டில் சொல்லுங்கள், முடிந்தால் நானும் கூட வருகிறேன். வெர்னியரும் ஆலன் கீ செட்டும் இப்போது எப்போதும் என் பையில் இருக்கின்றன.