3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார் செட்: பேனலில் குறையில்லை, ஒயரைப் பாருங்க

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிக் கடைகளில் அதிகம் விற்பது ஈபி லைனோடு இணைந்து ஓடும் இந்த ஆன்-கிரிட் செட்தான்: 540 வாட் பேனல் ஆறு, பேனலின் டிசி கரண்டை வீட்டு ஏசியாக மாற்றும் 3 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர், ஏசிடிபி, டிசிடிபி (ஏசி, டிசி பக்கத்துப் பாதுகாப்புப் பெட்டிகள்), மூன்று எர்த் குழி. மத்திய அரசு மானியம் 3 கிலோவாட்டிலேயே உச்சமான 78,000 ரூபாயைத் தொட்டுவிடுகிறது, அதுதான் காரணம். நல்ல வெயிலுக்கு நாளொன்றுக்கு 12 யூனிட் வரும். பேனலும் இன்வெர்ட்டரும் தரமானவை. ஸ்டாண்டை மட்டும் ஆடிக் காற்றுக்குத் தாங்குமா என்று ஆட்டிப் பாருங்கள்.

கோளாறு உச்சி வெயிலில்தான் தெரியும். இன்வெர்ட்டர் திரையில் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ (லைனில் வோல்டேஜ் அதிகம்) என்று வரும், உற்பத்தி நின்றுவிடும். சித்த நேரத்தில் தானாக ஓடும், திரும்பவும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடாததால் லோடு குறைந்து, இது இன்னும் மோசம்.

கணக்கு எளிது. டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதபோது இரண்டு ஃபேஸுக்கு இடையே 433 வோல்ட் தரும். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250. 230-க்கு செட் செய்த இன்வெர்ட்டர் 10 சதவீதம் கூடினால், அதாவது 253-ஐத் தாண்டினால், கழன்றுகொள்ளும். மிச்சம் 3 வோல்ட்தான்! லைனுக்குள் கரண்டைத் தள்ள இன்வெர்ட்டர் தன் முனையில் வோல்டேஜைக் கூட்டியாக வேண்டும். தோட்டத்துச் சாளையில் மீட்டர் 40 மீட்டர் தள்ளி இருந்து, 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் போட்டிருந்தால், 13 ஆம்பியருக்கு அந்த ஒயரிலேயே கிட்டத்தட்ட 5 வோல்ட் ஏறும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் 2-க்குள் அடங்கும். பல கொட்டேஷன்களில் ஒயர் அளவே இருக்காது; எழுதி வாங்குங்கள்.

யார் பக்கம் கோளாறு என்று பார்க்க, மதியம் 12 முதல் 2 மணிக்குள் இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டரிலும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் எடுங்கள். வித்தியாசம் 3 வோல்ட்டுக்கு மேல் என்றால் உங்கள் ஒயர். மீட்டரிலேயே 250-க்கு மேல் நின்றால் ஈபி லைன். நேரத்தோடு போட்டோ எடுத்து, ஈபி பிரிவு அலுவலகத்தில் ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) எழுதிக் கொடுங்கள். முதலில் லோடு அதிகமுள்ள ஃபேஸுக்கு மாற்றித் தரக் கேளுங்கள், அது சுலபம். டேப் (வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் இணைப்பு) உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு படிக்கு 2.5 சதவீதம் குறைக்கலாம். ஆனால் அப்படிக் குறைத்தால் சாயங்காலம் லைனின் கடைசி வீட்டில் ‘லோ வோல்டேஜ்’ என்று சண்டை வரும், அதனால் ஈபிக்காரர்கள் தயங்குவார்கள்.

சோலார் மாட்ட வரும் சில ஆட்கள் இன்வெர்ட்டர் செட்டிங்கில் அந்த 253 வோல்ட் வரம்பை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். எரர் வராது, ஆனால் ஃபிரிட்ஜ் போர்டு, டிவியெல்லாம் அந்த வோல்டேஜைத் தாங்க வேண்டும். வேண்டாம்.

வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இருந்தால் கூடுதல் விலை கொடுத்து த்ரீ ஃபேஸ் இன்வெர்ட்டரே வாங்குங்கள். கரண்ட் மூன்றாகப் பிரியும், நியூட்ரலில் ஏறக்குறைய எதுவும் ஓடாது. சிங்கிள் ஃபேஸில் கரண்ட் போகும் ஒயர், திரும்பும் நியூட்ரல் இரண்டிலும் வோல்டேஜ் ஏறும்; இதில் ஒன்றில் மட்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு கரண்டுக்கு. அதனால் அதே அளவு ஒயரில் ஏற்றம் ஆறில் ஒரு பங்குதான். கரண்ட் போனால் சிங்கிள் ஃபேஸ், த்ரீ ஃபேஸ் இரண்டு இன்வெர்ட்டருமே ஓடாது. கம்பத்தில் வேலை செய்யும் ஒயர்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதே. பேக்கப் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் விலை கேளுங்கள்.