அடையாள அட்டைக்குப் பின்னால் செருகும் பதில் அட்டை: ஒரு புதுச் செவிலியரின் மதிப்பீடு

பொருள் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் அளவே உள்ள, லேமினேட் செய்த ஓர் அட்டை. வார்டில் கூட வேலை செய்பவர்கள் நம்மைச் சிறுமைப்படுத்தும் பத்து வழிகள் ஒரு பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நிமிடமே சொல்லக்கூடிய பதில் ஒரே வரியில். மறுபக்கத்தில், மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது பின்பற்ற வேண்டிய நான்கு படிகள். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த எங்களுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைத்து அரைநாள் வகுப்பு நடத்தி இதைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இது என் சட்டைப்பையில் இருக்கிறது.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. மார்த்தா கிரிஃபின் என்ற செவிலியர் ஆய்வாளர், பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் புதிதாக உரிமம் பெற்ற 26 செவிலியர்களுக்கு இப்படிப்பட்ட அட்டைகளைக் கொடுத்துப் பேசிப் பழக வைத்தார். ஆய்வு 2004ஆம் ஆண்டு வெளியானது. கண்ணை உருட்டுவது, வெடுக்கென்று பேசுவது, தேவையான தகவலை மறைப்பது, வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பது, பழியைத் தூக்கி ஒருவர் தலையில் போடுவது, முதுகுக்குப் பின்னால் பேசுவது முதலாக அவர் பட்டியலிட்ட பத்தும்தான் என் அட்டையிலும் இருக்கின்றன. அந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதல் பெரிது. எங்கோ கடல் கடந்த ஊரில் உள்ள செவிலியர்களுக்கும் இதே பத்துதான் நடந்திருக்கிறது என்றால், குறை என் முகத்திலோ என் ஊர்ப் பேச்சிலோ இல்லை. ஆனாலும் 26 பேர், ஒரே மருத்துவமனை. அதை மறந்துவிட்டு இந்த அட்டையிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக் கூடாது.

எனக்கு மிகவும் பயன்பட்டது ‘தகவலை மறைத்தல்’ என்பதற்கு எதிரே இருக்கும் வரி. எங்கள் வார்டில் காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும். இரவுப் பணி முடித்த மூத்த அக்கா ஒருவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஹேண்டோவர் கொடுப்பார், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லிப் பணியை ஒப்படைப்பார். “எல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்” என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய்விடுவார். ஒரு நாள் ஏழாம் எண் படுக்கைக்காரருக்குக் காலை இன்சுலின் நேரம். நான் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே உணவுத் தட்டு வந்துவிட்டது. அவருடைய மனைவிதான், “ராத்திரி இருந்த சிஸ்டர் எதுவும் சாப்பிடக் கூடாது என்றார்களே, இன்றைக்கு எண்டோஸ்கோப்பி இருக்கிறதாமே?” என்று கேட்டார். மருத்துவக் குறிப்பின் பக்கத்தில் அது இருந்தது. நர்ஸ் குறிப்பில் இல்லை. வாயால் யாரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு இருப்பவருக்கு வழக்கமான அளவு இன்சுலின் போயிருந்தால் சர்க்கரை சரிந்திருக்கும். தட்டைத் திருப்பி அனுப்பினேன். பணியில் இருந்த மருத்துவரிடம் கேட்டு இன்சுலினை நிறுத்திவைத்தேன்.

மறுநாள் காலை அதே அக்காவிடம் அட்டையில் இருந்த வரியை எங்கள் வார்டுக்கு ஏற்றபடி மாற்றிச் சொன்னேன். “அக்கா, ஏழாம் படுக்கைக்கு வெறும் வயிறு என்று எனக்குச் சொல்லப்படவில்லை. இன்சுலின் போட இருந்தேன். எப்படி விட்டுப்போனது என்று எனக்குப் புரிய வையுங்கள்.” குரல் நடுங்கியது. ஆனால் வாக்கியம் முழுதாக வெளியே வந்தது. “உனக்குப் படிக்கத் தெரியாதா?” என்று அவர் கேட்டார். அட்டையில் அடுத்த வரி இல்லை. அதை நானே கண்டுபிடித்தேன். “படிக்கிறேன் அக்கா. வெறும் வயிறு, இன்சுலின், ரத்தம் ஏற்றுவது, மருந்து ஒவ்வாமை, இந்த நான்கை மட்டும் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.” அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த இரவுப் பணி முடிந்தபோது, கைப்பை தோளில் இருந்தபடியே மூன்று படுக்கைகளுக்கு என்னோடு நடந்து வந்தார். எங்களுக்குள் நட்பு எதுவும் வரவில்லை. என் நோயாளிகளுக்கு அது தேவையும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கான வரியும் நன்றாக வேலை செய்கிறது. டீ குடிக்கும் அறையில் யாராவது இல்லாதபோதுதான் அவரைப் பற்றிய பேச்சு தொடங்கும். புதிதாக வந்தவரிடம் கருத்துக் கேட்பார்கள். அது ஒரு பரீட்சை. தலையாட்டினால் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். மறுநாள் அதே கூட்டம் நம்மைப் பற்றிப் பேசும். “அப்போது நான் அங்கே இல்லை அக்கா, அதனால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவரிடமே பேசினீர்களா?” என்பதுதான் அட்டை தரும் வரி. யாரையும் தாழ்த்தாமல் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறது. பத்தில் இதற்குத்தான் முதல் மதிப்பெண் தருவேன்.

கண்ணை உருட்டுவதற்கான வரிதான் மிகவும் பலவீனமானது. “உங்கள் முகத்தைப் பார்த்தால் ஏதோ சொல்ல நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது, நேரடியாகச் சொல்லலாம்” என்று ஒரு ஜூனியர், பதினைந்து வருட அனுபவம் உள்ளவரிடம் எங்கள் ஊர் வார்டில் சொன்னால், அது திமிர் என்றே எடுத்துக்கொள்ளப்படும். “நான் செய்ததில் எதைத் திருத்த வேண்டும், சிஸ்டர்?” என்று கேட்பது மேல். கேள்வி வேலையைப் பற்றியதாக இருந்தால் பதிலும் பெரும்பாலும் வேலையைப் பற்றியதாகவே வருகிறது.

மறுபக்கத்தில் இருப்பது எஸ்பார் (SBAR) முறை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்ட தகவல் சொல்லும் முறையை, கெய்சர் பெர்மனென்டே மருத்துவமனைகளில் நோயாளிப் பராமரிப்புக்கு ஏற்ப மாற்றினார்கள். இப்போதைய நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு என்ன வேண்டும் என்று நான்கு படிகள். நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுந்து எரிந்து விழும் மருத்துவரிடம் இதன் அருமை தெரியும். “சார், நோயாளி ஒரு மாதிரி இருக்கிறார்” என்று தொடங்கினால் திட்டு நிச்சயம். “பன்னிரண்டாம் படுக்கை, ரத்த அழுத்தம் 84க்கு 50, ஒரு மணி நேரத்துக்கு முன்பு 110க்கு 70. காய்ச்சலுக்காக நேற்றுச் சேர்ந்தவர். சிறுநீர் குறைந்துகொண்டே போகிறது. செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) ஆக இருக்கலாம் என்று பயப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்” என்று சொன்னால், திட்டுவதற்கு இடைவெளி இருப்பதில்லை. கடைசிப் படியைத்தான் நம் பெண்கள் விழுங்கிவிடுகிறோம். என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். எழுத்து மிகச் சிறியது. இரவில் வார்டு விளக்கைக் குறைத்த பிறகு படிக்கவே முடியாது. லேமினேஷனின் ஓரம் பிரிந்து, கைகழுவும் ஸ்பிரிட் உள்ளே இறங்கி, இரண்டு வரிகள் கரைந்துவிட்டன. கழுத்தில் தொங்கவிட்டால் எதிரே நிற்பவரும் படித்துவிடுவார். “யாருக்கு எதிராக இந்த அட்டை?” என்று ஒருவர் என்னிடம் கேட்டே விட்டார். சட்டைப்பையில் வைப்பதே நல்லது.

இவையெல்லாம் அச்சகத்தில் சரிசெய்யக்கூடியவை. பயிற்சியின் பெரிய குறை வேறு. அரைநாள் வகுப்பில் புதியவர்களை மட்டும் உட்கார வைத்தார்கள். மூத்தவர்களோ, இன்சார்ஜ் சிஸ்டர்களோ ஒருவரும் இல்லை. அடிபடுபவருக்கு மட்டும் பாடம் நடத்தினால் பாரமும் அவர் தலையிலேயே ஏறும். டியூட்டி ரோஸ்டரைப் போடுபவரே பழிவாங்குபவராக இருந்து, தொடர்ந்து இரவுப் பணி போட்டு, கேட்ட விடுப்பை மறுத்தால் அதற்கு எந்த அட்டையிலும் வரி கிடையாது. அதற்கு எழுத்தில் விண்ணப்பம், தேதி, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து ஆகியவை வேண்டும். செவிலியர் கண்காணிப்பாளர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று: அடுத்த வகுப்பில் முதல் வரிசையில் நீங்கள் உட்காருங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாலியல் தொந்தரவுக்கு இந்த அட்டையை நம்பாதீர்கள். அங்கே சமயோசிதப் பதில் தேட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். அட்டையின் கீழ் ஓரத்தில் இந்த ஒரு வரிக்கு இடம் இருந்தது. அச்சடிக்காமல் விட்டது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வார்டில் அடிக்கடி நடப்பவற்றில் ஐந்தை எடுத்து, உங்கள் வாயில் வரும் சொற்களில், பெரிய எழுத்தில் எழுதி, ஜெராக்ஸ் கடையில் ஓரம் விட்டு லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஆனால் வெறும் அட்டை உதவாது. அந்த அரைநாளில் உருப்படியாக இருந்தது, இரண்டிரண்டு பேராக நின்று சத்தமாகப் பேசிப் பழகிய நேரம்தான். மனதுக்குள் படித்த வரி, முகத்துக்கு முகம் நிற்கும்போது தொண்டையில் நின்றுவிடும். விடுதி அறைத் தோழியை மூத்த சிஸ்டராக நடிக்கச் சொல்லுங்கள். உண்மையாகவே கடுமையாகப் பேசச் சொல்லுங்கள். இரக்கப்பட்டுச் சிரித்துவிடும் தோழி இந்த வேலைக்கு ஆகமாட்டாள்.