மாசமாக இருப்பவளுக்குச் சாளையா, சுறாவா?

உவரிக் கடற்கரையில் இரண்டும் கிடைக்கும். விலை மலிவு என்பதாலோ என்னவோ, சாளைக்கு, அதாவது மத்தி மீனுக்கு, நம் வீடுகளில் மதிப்புக் குறைவு. ஆனால் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு அதுதான் நல்லது. மூளையும் விழித்திரையும் உருவாகத் தேவையான டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 கொழுப்பு அதில் நிறைய உண்டு. கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளையின் மூளை அதை வேகமாகச் சேர்த்துக்கொள்கிறது. சாளை நுண்ணுயிர்களைத் தின்று சில வருடமே வாழ்வதால் பாதரசமும் குறைவு.

சுறா நேர்மாறு. மற்ற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழ்வதால் அதன் சதையில் மெத்தில் பாதரசம் என்னும் நச்சுப் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். அது நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளையின் நரம்பு வளர்ச்சியைக் கெடுக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. பால் ஊற வேண்டும் என்று சுறாப்புட்டு கொடுக்கிறோமே, அப்போது? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளோடு பாலூட்டும் தாய்மார்களையும் சுறாவைத் தவிர்க்கவே சொல்கிறது. பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம் என்கிறது.

சாளையைப் பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது மேல். மீனே தொடாதவர்கள் ஆளிவிதை சாப்பிடலாம். ஆனால் அதிலுள்ள ஒமேகா-3 உடலில் டிஎச்ஏவாக மாறுவது ரொம்பக் கொஞ்சம்தான்.