மேக்ஸில் ஏறலாமா? கே.எல்.–திருச்சி வழியில் 17 ஆண்டு அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க ஆண்டுக்கு நான்கு தடவையாவது திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வருவேன். 2008 கடைசியில் ஏர் ஆசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேராகப் பறக்கத் தொடங்கியது. என் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, டிக்கெட் விலை, தாமதமான நேரம், விமானத்தின் பதிவு எண் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். மலேசிய விமானமாக இருந்தால் அந்த எண் '9எம்' என்று தொடங்கும். போக வரச் சேர்த்து 130 பயணங்களுக்கு மேல் எழுதியாகிவிட்டது. பெரும்பாலும் இரண்டு வகை விமானங்கள்தான்: ஏர்பஸ் ஏ320, போயிங் 737.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தம்பி. அவனுக்குப் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. 2025 தீபாவளிக்குச் சரக்கு எடுக்க அவனையும் கூப்பிட்டேன். முன்பதிவில் விமான வகை '737-8' என்று இருந்தது. "அக்கா, இது மேக்ஸ்தானே? நூறு வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிக்க இதில் ஏறணுமா?" என்று கேட்டான். அவன் கண்டுபிடித்தது சரி. 2018-இலும் 2019-இலும் விழுந்து நொறுங்கியதே, போயிங் 737-இன் புதிய தலைமுறை, அதுதான் மேக்ஸ். அதில் மேக்ஸ் 8-இன் அதிகாரப்பூர்வப் பெயர் 737-8. சில நிறுவனங்கள் இந்த எண்ணை மட்டும்தான் போடுகின்றன. 737-800 என்பது வேறு, அது முந்தைய தலைமுறை. சந்தேகம் வந்தால் இறக்கையின் நுனியைப் பாருங்கள். மேக்ஸில் அது மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்திருக்கும். எஞ்சினின் பின்விளிம்பு ரம்பப் பல் போல் வெட்டியிருக்கும்.

அவனோடு ஒரு வாரம் போனில் வாதாடினேன். அந்த வாதத்தில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உட்காரும் சுகம். நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஏ320-தான் எனக்குப் பிடிக்கும். அதன் உள் அகலம் 3.70 மீட்டர், 737-இல் 3.53 மீட்டர். ஒரு வரிசையில் ஆறு பேர் உட்காரும்போது அந்த 17 சென்டிமீட்டர் தோளில் தெரியும். மேக்ஸின் புது எஞ்சினில் சத்தம் குறைவு. இறக்கைக்கு முன்னால் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசலாம். பழைய 737-இல் இறங்கிய பிறகும் காது அடைத்தது போல் இருக்கும். சுகத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

பாதுகாப்பைப் பேசுவதற்கு முன் டிக்கெட் விலையைப் பேச வேண்டும். தம்பிக்கு இதைத்தான் நான் புரியவைக்கப் பார்த்தேன். 2001-இல் டோனி பெர்னாண்டஸ் ஏர் ஆசியாவை ஒரு வெள்ளிக்கு, கடனோடு சேர்த்து வாங்கியபோது இருந்தவை இரண்டு 737-300 விமானங்கள். 2005 முதல் ஏ320-க்கு மாறத் தொடங்கி, ஒரே வகை என்ற முடிவில் நின்றார்கள். ஒரே வகை என்றால் எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம். உதிரிப் பாகமும் ஒன்று, பயிற்சியும் ஒன்று. விமானம் தரையில் நிற்கும் நேரத்தை 25 நிமிடத்துக்குக் குறைத்தால் ஒரு நாளில் இன்னொரு பயணத்தைக் கூடுதலாக ஓட்டலாம். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் என்னைப் போன்ற சிறு கடைக்காரி ஆண்டுக்கு நான்கு தடவை இந்தியா போயிருக்க முடியாது. அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் இதே கணக்கை 737-ஐ மட்டும் வைத்துப் போட்டது. நூற்றுக்கணக்கான 737 வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்குப் புது வகை விமானம் என்றால் ஆயிரக்கணக்கான விமானிகளை மறுபடி சிமுலேட்டர் என்னும் மாதிரி விமானி அறையில் உட்காரவைக்க வேண்டும். 2010 டிசம்பரில் ஏர்பஸ், எரிபொருளை மிச்சப்படுத்தும் புது எஞ்சினோடு ஏ320 நியோவை அறிவித்தது. 2011 ஜூலையில் போயிங்கின் நெடுநாள் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸே அதை வாங்க ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே போயிங் புது விமானம் வரையும் யோசனையை விட்டுவிட்டு, 1967-இல் முதலில் பறந்த 737-க்கே பெரிய எஞ்சின் மாட்டுவது என்று முடிவெடுத்தது.

737 தரையை ஒட்டி நிற்கும் விமானம். அந்தக் காலத்துச் சிறு விமான நிலையங்களில் ஏணியும் பளுதூக்கியும் இல்லாமல் சாமான் ஏற்றுவதற்காக அப்படிச் செய்தார்கள். பெரிய எஞ்சின் அதன் அடியில் கொள்ளவில்லை. முன்னால் தள்ளி, மேலே தூக்கி மாட்டினார்கள். அதனால் சில நிலைகளில் மூக்கு மேலே எழும்பப் பார்த்தது. அதை அடக்க, விமானி கேட்காமலேயே மூக்கைக் கீழே அழுத்தும் எம்காஸ் என்ற மென்பொருளை வைத்தார்கள். அது நம்பியிருந்தது ஒரே ஒரு சென்சாரை. விமானிகளின் கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. பழைய 737 ஓட்டியவர்கள் கணினியில் ஒரு சிறு பாடம் படித்துவிட்டு மேக்ஸில் ஏறினார்கள். சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக சவுத்வெஸ்டுக்குப் போயிங் ஒப்பந்தமே எழுதிக் கொடுத்திருந்தது. விமானிக்குச் சொல்லாமல் விட்டதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தை நான் படித்ததில்லை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. உலகத்திலேயே முதல் 737 மேக்ஸைப் பெற்றது மலேசியாவின் மாலிண்டோ ஏர், இன்றைய பாத்தேக் ஏர் மலேசியா. 2017 மே 22-ஆம் தேதி பயணிகளோடு மேக்ஸ் முதன்முதலில் பறந்தது கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு. அடுத்த ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, மாலிண்டோவின் இந்தோனேசியக் கூட்டாளியான லயன் ஏரின் மேக்ஸ் ஜகார்த்தாவை விட்டுக் கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. 189 பேர். 2019 மார்ச் 10-ஆம் தேதி எத்தியோப்பியாவில் இன்னொன்று, 157 பேர். இரண்டு நாள் கழித்து மலேசியாவும் மேக்ஸைத் தடை செய்தது. 2021 செப்டம்பரில்தான் தடையை எடுத்தார்கள்.

முதல் விபத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நான்கு மாதத்துக்கு மேல் அந்த விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. இந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இவ்வளவும் தெரிந்தும் எப்படி ஏறுகிறாய்?" என்றான் தம்பி. திருத்தியதும் தெரியும் என்பதால்தான். எம்காஸ் இப்போது இரண்டு சென்சார்களையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வேலை செய்யாது. ஒரு தடவைக்கு மேல் அழுத்தாது, விமானி பிடித்து இழுத்தால் தோற்றுப்போகும். சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். இருபது மாதம் உலகமே உற்றுப் பார்த்த ஒரு பழுது திரும்பி வரும் என்று நான் பயப்படவில்லை. என் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2024 ஜனவரி 5-ஆம் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9-இல் கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளைத் தொழிற்சாலையில் மாட்டவே இல்லை. யாரும் சாகவில்லை. ஆனால் அது வரைபடத்தின் பிழை கிடையாது, அவசரத்தின் பிழை. அதன்பிறகு அமெரிக்க அரசு, மாதத்துக்கு 38 மேக்ஸ்களுக்கு மேல் செய்யக் கூடாது என்று கட்டிப்போட்டது நல்ல காரியம்.

இந்த இடத்தில் எங்கள் மாமாவைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தம்பி. சுபாங்கில் முப்பது ஆண்டுகள் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது.

2016-இல் ஒரு நிறுவனத்தின் விமானத்தில், பெயர் வேண்டாம், கே.எல்.-இல் எங்களை ஏற்றி முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, பிறகு இறக்கிவிட்டார்கள். ஆறு மணி நேரம். கல்யாணச் சேலைக்கு முன்பணம் வாங்கியிருந்தேன், காஞ்சிபுரத்தில் நெசவாளர் காத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் "செயல்பாட்டுக் காரணம்" என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டேன். கூட இருந்தவர்களும் போட்டார்கள். திரும்பி வந்து மாமாவிடம் புலம்பினேன். அவர், "ஏம்மா, பழுது பார்த்தவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றிருப்பான். அவனை அவசரப்படுத்தக் கூடாது. உங்களிடம் உண்மையைச் சொல்லாததுதான் அவர்கள் செய்த தப்பு" என்றார். அன்றிலிருந்து பழுது என்று விமானத்தை நிறுத்தினால் நான் வாய் திறப்பதில்லை. காரணத்தை மட்டும் கேட்பேன், விடாமல் கேட்பேன்.

பேரேட்டில் பதிவு எண் எழுதும் பழக்கமும் மாமா சொல்லி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே விமானத்தில், ஐந்து மாதத்துக்குள் மூன்று தடவை பறந்தேன். மூன்று தடவையும் பின்பக்கக் கழிவறை ஒன்று பூட்டியிருந்தது. மாமாவிடம் காட்டினேன். எந்தப் பாகம் பழுதானால் விமானம் பறக்கலாம், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு, அதை எம்.இ.எல். என்பார்கள் என்று விளக்கினார். பி வகை என்றால் 3 நாள், சி என்றால் 10 நாள், டி என்றால் 120 நாள். "கழிவறையால் விமானம் விழாது. ஆனால் சரிசெய்தோம் என்று எழுதிய பழுது மறுபடி மறுபடி வந்தால், அங்கே பழுது பார்க்க நேரம் கொடுக்கவில்லை என்று அர்த்தம்" என்றார்.

மறுபடி மறுபடி வரும் பழுது. விபத்து அறிக்கைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது. 2014 டிசம்பர் 28-ஆம் தேதி சுராபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன இந்தோனேசியா ஏர் ஆசியாவின் ஏ320 கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். சுக்கான் திரும்பும் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியில், ஒரு பற்றவைப்பில் விரிசல். முந்தைய 12 மாதத்தில் அதே பழுது 23 தடவை பதிவாகியிருந்தது. லயன் ஏர் மேக்ஸும் விழுவதற்கு முந்தைய பயணத்தில் அதே மாதிரி மூக்கைக் கீழே தள்ளியது. அன்று விமானி அறையில் கூடுதலாக உட்கார்ந்திருந்த மூன்றாவது விமானி உதவியதால் தப்பினார்கள். மறுநாள் காலை அதே விமானம் மறுபடி கிளம்பியது. ஒன்று ஏர்பஸ், ஒன்று போயிங். எந்தக் கம்பெனி என்று பார்த்துப் பயனில்லை, தம்பி.

அவன் விடவில்லை. பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ நேரடிச் சேவை தொடங்கியதிலிருந்து அவனுக்கு அதுதான் பிரியம், ஏர்பஸ் என்பதால். அந்த ஏர்பஸ்களிலும் பலவற்றின் எஞ்சின் பாகங்கள் செய்த உலோகத் தூளில் குறை இருப்பதாக 2023-இல் தெரியவந்து, இண்டிகோ பல டஜன் விமானங்களைத் தரையில் நிறுத்த வேண்டியிருந்தது என்று சொன்னேன். "நிறுத்தினார்களா இல்லையா?" என்று கேட்டான். நிறுத்தினார்கள். நல்ல கேள்வி, ஒப்புக்கொண்டேன்.

அந்த வாதம் முடிந்த சில வாரத்தில் அவன் கட்சிக்கு இன்னும் வலு வந்தது. 2025 அக்டோபர் 30-ஆம் தேதி ஜெட்புளூவின் ஏ320 ஒன்று நடுவானில் தானாக மூக்கைக் கீழே இறக்கியது. ஒரு மாதத்துக்குள் ஏர்பஸ் உலகம் முழுக்கச் சுமார் 6,000 விமானங்களைத் திருத்தச் சொன்னது. ஏர் ஆசியா உட்படப் பல நிறுவனங்கள் சில நாளுக்குள் மென்பொருளை மாற்றி முடித்தன. யாரும் சாகும்வரை காத்திருக்கவில்லை. 2018-இல் போயிங் இப்படிச் செய்திருந்தால் எத்தியோப்பியாவில் அந்த 157 பேர் இருந்திருப்பார்கள். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் அடுத்தடுத்துப் பழுதுகள் வந்தபோது மலேசியா ஏர்லைன்ஸ் ஆண்டுக் கடைசி வரை பயணங்களைக் குறைத்துக்கொண்டது. அதன் பராமரிப்புப் பிரிவு அந்த ஆண்டில் அனுபவமுள்ள ஊழியர் 60-க்கும் மேற்பட்டோரை இழந்திருந்தது. விமான ஆணையமும் மலேசியா ஏர்லைன்ஸின் உரிமத்தை மூன்று ஆண்டிலிருந்து ஓராண்டாகச் சுருக்கியது. அப்போது கடைக்கு வந்த பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. வருமானத்தை விட்டுக்கொடுத்து விமானத்தைத் தரையில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று கடை நடத்துகிறவளுக்குத் தெரியும். அதைவிட, அனுபவசாலிகள் ஏன் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நல்ல கைகளுக்கு நல்ல சம்பளம் கொடுக்காமல் எந்த வியாபார உத்தியும் பறக்காது.

பயணிகளுக்கு ஒரு விஷயம், பலருக்குத் தெரியாது: மலேசியச் சட்டப்படி இரண்டு மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பாடு தர வேண்டும். ஐந்து மணி நேரம் தாண்டி இரவு தங்க வேண்டியிருந்தால் ஹோட்டலும் போக்குவரத்தும். 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். வவுச்சர் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்தத் தீபாவளிக்குத் தம்பி பினாங்கிலிருந்து அவனுடைய ஏ320-இல் போனான். நான் கே.எல்.-இலிருந்து மேக்ஸில் போனேன். 35 நிமிடத் தாமதம், எந்தக் கழிவறையும் பூட்டியிருக்கவில்லை. சென்னையில் தி.நகரில் சந்தித்து இரண்டு நாள் சரக்கு எடுத்தோம். திரும்பும்போது அவன் என் பேரேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். தன் விமானத்தின் பதிவு எண்ணைக் குறித்து வைக்கவில்லையே என்றான். தை மாதம் மறுபடி போகிறோம்.