பார்க்கின்சன் என்று தெரிந்தபின்: மறைப்பதா, எல்லாருக்கும் சொல்வதா, ஒவ்வொருவராகச் சொல்வதா?

எனக்குப் பார்க்கின்சன், அதாவது கை நடுங்கி, தசைகள் இறுகும் மூளை நரம்பு நோய், என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்தபோது முன்னால் மூன்று வழிகள் இருந்தன. யாரிடமும் சொல்லாமல் இருப்பது, எல்லாருக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுவது, ஒவ்வொருவராக நேரில் சொல்வது. முதல் வழியில் எட்டு மாதம் ஓட்டினேன். இப்போது மூன்றாவதில் இருக்கிறேன், என் ஓட்டும் அதற்குத்தான்.

மறைப்பதில் ஒரு வசதி உண்டு. சொல்லாததை என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. முதல் சில வாரங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதில் தவறே இல்லை. நோயின் பெயர் நமக்கே பழக வேண்டும்.

ஆனால் மறைப்பதைக் கட்டிக் காப்பது பெரும்பாடு. இந்த நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் வரும். அதனால் கையைச் சும்மா விடவே முடியாது. அலுவலகக் கூட்டம் என்றால் வலது கையில் பேனா, இல்லாவிட்டால் கை சட்டைப்பைக்குள். டம்ளரை இடது கையால்தான் எடுப்பேன். இந்த நோய்க்கான லெவோடோபா மாத்திரையை முக்கால் மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, அது கேட்கும் நேரத்துக்குள் பேசி முடிக்கப் பார்ப்பேன். இதற்கெல்லாம் மேல், பதற்றம் நடுக்கத்தைக் கூட்டும். தெரிந்துவிடுமோ என்ற பயமே காட்டிக்கொடுத்துவிடும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-இல் நோய் தெரிந்தது, 1998-இல்தான் வெளியே சொன்னார். அத்தனை வருடம் கேமரா முன்னால் எப்படித் தாங்கினார் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

கையையாவது ஒளிக்கலாம், முகத்தை என்ன செய்வது? முகத் தசைகள் இறுகி உணர்ச்சி வெளியே தெரியாமல் போவதும் இந்த நோயில் உண்டு. என் தங்கை தனக்குப் பதவி உயர்வு கிடைத்ததை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்தி, "உனக்குப் பிடிக்கலையாண்ணா?" என்றாள். உள்ளே எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். நாம் காரணம் சொல்லாவிட்டால் பார்ப்பவர்கள் தாங்களே ஒன்றை வைத்துக்கொள்வார்கள்: கோபம், அலட்சியம், சில சமயம் குடி.

எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்புவதை நான் செய்து பார்த்ததில்லை. எல்லாருடைய பயமும் வைத்திய யோசனையும் ஒரே மாலையில் வந்து விழும், அத்தனை பேரையும் நோயாளியே தேற்ற வேண்டியிருக்கும் என்று தயங்கினேன். பிசியோதெரபியில் பழக்கமான ஒருவர் அப்படித்தான் செய்தார், அவருக்கு நிம்மதியாக இருந்ததாம். நாளெல்லாம் பலரைச் சந்திக்கும் வேலை என்றால் அதுவே சரியாக இருக்கலாம்.

ஒவ்வொருவராகச் சொல்வதில் ஒரு குறை உண்டு, செய்தி நம்மை முந்திவிடும். என் அத்தைக்கு வேறொருவர் வழியாகத் தெரிந்து மனம் நொந்துபோனார். ஆனால் சொல்லச் சொல்லத் தெளிவு வருகிறது. தங்கையிடம் டோபமைன், மூளைச் செல்கள் என்று அரை மணி நேரம் தடுமாறினேன். இப்போது இவ்வளவுதான்: "எனக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும், முகத்தில் சிரிப்பு தெரியாது. தொற்றாது, மருந்து கேட்கிறது. பொத்தான் போட நேரமெடுத்தால் காத்திருங்கள், நீங்களாகப் போட்டுவிடாதீர்கள்." கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவருக்கு அதுதான் வழி காட்டுகிறது.

வண்டி ஓட்டுபவர்கள் உரிமம் தரும் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது, அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

போன வாரக் கூட்டத்தில் வலது கையை மேசைமேல் வைத்தேன். நடுங்கியது. பக்கத்தில் இருந்தவர் தன் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.